வே பில்லின் பின்புறம்

இரவு பத்தே முக்கால்.
செக்கானூரணிக் கிளைக்குள்
கடைசி டவுன் பஸ் நுழைந்து
டீசல் பங்கருகே நின்று, ஒருமுறை குலுங்கி, அடங்குகிறது.

ஜெயக்கொடி பையைக் கவிழ்க்கிறார்.
நாணயங்கள் மேசையில் ஓடி
என் வளையலில் முட்டிப் படுக்கின்றன.
ஒரு பத்து ரூபாய் நோட்டு நனைந்திருக்கிறது,
மல்லிகை வாசம் அதில்.
பன்னிரண்டு ரூபாய் குறைகிறது.
இன்னொரு முறை எண்ணுகிறோம்.
அப்போதும் பன்னிரண்டு.
சட்டைப் பையிலிருந்து எடுத்து வைக்கிறார்.
அரசுக்குக் கண்டக்டர் தரும் மானியம் என்று
எழுத எந்த ஏட்டிலும் பத்தி இல்லை.

"அந்தம்மா இன்னைக்கு என் வண்டியில ஏறுச்சு" என்கிறார்.
எந்தம்மா?
"நம்ம வண்டியத் தூக்கிட்டுப் போனாங்கள்ல. அந்தம்மா."

புளியங்குளம் நல்லக்காள்.
ஆறு வருடம் முன்பு கணவர்,
நாகமலைத் திருப்பம், எங்கள் வண்டி.
நீதிமன்றம் சொன்ன தொகை வட்டியோடு வளர்ந்தது;
நாங்கள் கட்டவில்லை.
திங்கட்கிழமை பெரியார் நிலையத்தில் அமீனா ஏறி
ஆட்களை இறக்கிவிட்டு
கண்ணாடியில் தாளை ஒட்டினார்.
இப்போது அந்த வண்டி
கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில்
காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

வண்டியைப் பார்க்கப் போயிருந்தாளாம்.
பார்த்துவிட்டு
ஊர் திரும்ப எங்கள் வண்டிக்கே கை காட்டினாள்.
வேறு வண்டி ஏது அந்தத் தடத்தில்.
சுழியம் ரூபாய்ச் சீட்டைக் கிழித்து நீட்டியபோது கேட்டாளாம்:
"காசு வாங்காத வண்டிக்கு
எதுக்குய்யா சீட்டு?"
இவர் விசிலை ஊதிவிட்டு முன்னால் போய்விட்டார்.

எனக்குப் பதில் தெரியும்.
பதினான்கு வருடமாக இந்தக் கம்பி வலைக்குப் பின்னால்
அதைத்தானே கூட்டிக்கொண்டிருக்கிறேன்.
அந்தச் சீட்டு ஒரு பில், நல்லக்கா.
நீ கையில் சுருட்டி வைத்திருந்தது
அரசாங்கம் எங்களுக்குத் தரவேண்டிய கடன்.
நாளை என் கூட்டலில் ஏறும்,
கிளை மேலாளர் கையெழுத்தில் பைபாஸ் ரோட்டுக்குப் போகும்,
அங்கே மற்ற கிளைகளின் சுழியங்களோடு சேர்ந்து
கோட்டைக்கு ரயிலேறும்.
நிதித்துறை ஒரு கேள்வி கேட்கும்.
பதில் போகும்.
இன்னொரு கேள்வி.
ஏதோ ஒரு மாதம் பணம் கிளம்பி வரும்,
வழியெல்லாம் ஆள் நிற்கும் அதற்கு:
டீசல்காரன், டயர்காரன், வங்கி.
(நான் உட்கார்ந்திருக்கும் இந்தத் தரையே
வங்கியில்தான் இருக்கிறது)
ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும்
பணிக்கொடைக்காக மாதமொருமுறை வந்து
என்னிடம் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துப் போகும்
டிரைவர் பின்னன்.
எல்லாருக்கும் கடைசியில், வரிசை முடியுமிடத்தில்
உன் பெயர்.

ஆக, நீ ஏறாவிட்டால் உனக்குத் தர எங்களிடம் பணமில்லை.
ஏறினாலும் இல்லை.

இதைச் சொன்னால் ஜெயக்கொடி சிரிப்பார்.
சொல்லவில்லை.
சுவரில் பலகை:
லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் ஓட்டியவருக்குப் பாராட்டு.
கீழே சென்ற வருடத்துப் பெயர், பாதி அழிந்து.

மெஷின் தாளைத் துப்புகிறது.
இன்றைய சுழியங்கள் நானூற்றுப் பதினேழு.
அவளுடையது எது என்று
தாளுக்குத் தெரியாது.
நான் கூட்டுகிறேன்.

பெட்டகத்துக்கு இரண்டு சாவி,
ஒன்று என்னிடம், ஒன்று மேலாளரிடம்.
இரண்டும் திரும்பினால்தான் திறக்கும், மூடும்.
உள்ளே காலைவரை இருக்கப்போவது
இந்தச் சில்லறை.

காலை ஐந்து இருபது கருமாத்தூர் வண்டிக்கு
மாற்று வண்டி கேட்டு எழுதியாயிற்று.
நாள் ஆகும் என்கிறார்கள்.
பூ மூட்டையோடு இருட்டில் நிற்பவர்களுக்கு
அதை யார் போய்ச் சொல்வது என்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.